சிட்டடெல் என்னும் சொல்

ஆங்கிலம் கற்கும் நம் மாணவர் பலர், கோட்டை என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களையெல்லாம் ஒன்றாகவே எண்ணி, ஒன்று நிற்கவேண்டிய இடத்தில் மற்றொன்றைப் பெய்து எழுதிவிடுகின்றனர். காஸில், போர்ட், போர்ட்ரெஸ், பாஸ்டியன், சிட்டடெல் என்னும் இவையாவும் அகராதிகளிற் 'கோட்டை', 'அரண்' என்னும் இரண்டொரு தமிழ்ச் சொற்களையே பொருளாகப் பெற்று நிற்பது இம்மயக்கத்திற்குக் காரணமாகும். இவற்றுள் சிட்டடெல் என்பதொன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அஃது எங்கே பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, எவ்விடத்து வழங்கத்தக்கது என்பவற்றை நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இதனை மட்டும் தனியே பிரித்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஏனைய சொற்கள் குறிக்கும் கோட்டைகள் வெளியிலுள்ள பகைவனை நோக்கி நிற்பவை. இச்சொல் குறிக்கும் கோட்டையோ பகைவனையும் நோக்கும். தன் காலடியிற் கிடக்கும் ஊரையும் நோக்கும்.

முதலில் உடன்பிறப்புச் சொற்களைச் சிறிது பார்ப்போம். காஸில் என்பது இலத்தீன் மொழியிற் பாசறையைக் குறிக்கும் 'காஸ்ட்ரும்' என்னும் சொல்லின் குறுமைப் பெயராகிய 'காஸ்டெல்லும்' என்பதன் வழிவந்தது. அஃது ஆங்கில நாட்டுக்குள் இருமுறை புகுந்தது என்பர். முதன்முறை, இலத்தீன் விவிலியத்தின் வாயிலாகச் 'சிற்றூர்' என்னும் பொருளோடு வந்தது. 14-ஆம் நூற்றாண்டில் விக்லிப் என்பார் பெயரால் வழங்கிய ஆங்கில விவிலியம், மார்த்தாளும் மரியாளும் வாழ்ந்த ஊரைக் காஸில் என்றே குறிப்பது இதனாலேயாம். இதனை அறியாதார், அவ்வெளிய சகோதரிகள் ஒரு பெருங்கோட்டைக்கு உரியவர் போலும் என்று வியக்கக்கூடும்! 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற காலத்தையொட்டி, பிரபு ஒருவன் தன் குடும்பத்தோடு வாழும் மதில் சூழ்ந்த மாளிகை என்னும் பொருளோடு அச்சொல் மறுமுறை புகுந்து நிலைத்தது. போர்ட், போர்ட்ரெஸ் என்பன 'வலிய' என்னும் பொருளுடைய இலத்தீன் அடியிற் பிறந்தவை; வலிமையன்றி வேறெதனையும் அவை சொல்வதில்லை. பாஸ்டியன் என்பது மதிலினின்று முன்னோக்கிப் பிதுங்கி நிற்கும் உறுப்பு. நம்மவர் கொத்தளம் என்பது இதனையே. ஆதலின் ஒரு கோட்டை முழுவதையும் பாஸ்டியன் என்று எழுதுவது, திண்ணையை வீடு என்று கூறுவது போலாம்.

இனிச் சிட்டடெல். இதன் வேர் 'சீவிஸ்' என்னும் இலத்தீன் சொல். அதற்குக் 'குடிமகன்' என்று பொருள். அதிலிருந்து 'சீவிடாஸ்' பிறந்தது. அச்சொல் தொடக்கத்தில் மதிலையும் தெருவையும் குறித்ததன்று. குடிமக்களாயிருக்கும் நிலையையும், அந்நிலையிற் கூடிய மக்கட்டொகுதியையுமே குறித்தது. காலப்போக்கில் அம்மக்கள் வாழும் இடமும் அப்பெயரைப் பெற்றது. இலத்தீன் திரிந்து இத்தாலிய மொழியானபோது அது 'சித்தா' என்று ஆகி, நகரம் என்னும் பொருளில் வழங்கலாயிற்று. அதன்மேற் குறுமை காட்டும் விகுதி ஒன்று சேரப் பிறந்ததே 'சித்தடெல்லா'. 'சிறுநகர்' என்பது அதன் நேர்ப்பொருள். பிரெஞ்சுக்காரர் அதனைச் 'சித்தடெல்' என்று தம் மொழியில் ஏற்றனர். 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வாய்க்கு அது வந்து சேர்ந்தது. சிட்டி, சிட்டிஸன், சிவில், சிவிக் என்னும் ஆங்கிலச் சொற்களெல்லாம் இவ்வொரு குடும்பத்தனவே. குடிமகன் என்னும் சொல்லும், அவனை அடக்குதற்கு எழுந்த கோட்டையின் பெயரும் ஒரே வயிற்றில் உதித்தவை என்பதை மாணவர் மனத்திற் கொள்ளல் வேண்டும். இனிக் கூறப்போவதனைத்தும் அவ்வொன்றின் விரிவேயாம்.

ஒரு நகரத்தினுள்ளேயோ அதன் விளிம்பிலேயோ, பெரும்பாலும் உயர்ந்த இடத்தில், நகர மதிலினும் வலிய மதிலோடு தனித்து நிற்பதே சிட்டடெல். பகைவர் நகரின் புறமதிலைப் பிளந்து உட்புகுந்தாலும், எஞ்சிய படையினர் அதனுட் புகுந்து கதவடைத்துப் பொருவர். கடைசிப் புகலிடம் என்னும் கருத்து இதனால் வந்தது. இவ்வகை அமைப்பு இச்சொல்லினும் மிகப் பழமையானது. ஏதென்ஸ் நகரத்து அக்ரோபொலிஸ் என்பதற்கு 'உயர்ந்த நகர்' என்று பொருள். தொடக்கத்தில் அதுவும் இத்தகைய அரணே. கெய்ரோ நகரத்தில் மொகத்தம் குன்றின் சரிவில் ஸலாஹுத்தீன் 1176-ஆம் ஆண்டளவிற் கட்டத் தொடங்கிய கோட்டையை அராபியர் 'கல்ஆ' என்பர்; ஆங்கிலேயர் சிட்டடெல் என்பர். எகிப்தை ஆண்டோர் 19-ஆம் நூற்றாண்டுவரை அங்கிருந்தே அரசு செலுத்தினர். 1811-ஆம் ஆண்டில் முகம்மது அலி என்பவர் மம்லூக்குத் தலைவர்களை விருந்துக்கென அக்கோட்டைக்குள் அழைத்து, அவர்கள் திரும்பும் குறுகிய வழியிற் கதவடைத்துக் கொல்வித்த செய்தி சரித்திரம் கற்றோர் அறிந்ததே.

நம் நாட்டு உதாரணம் ஒன்றும் கூறுவோம். செஞ்சியில் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் சேர்த்து வளைத்த மதில் ஒன்று உண்டு. அவ்வளாகம் முழுவதையும் போர்ட் என்றோ போர்ட்ரெஸ் என்றோ சொல்லலாம். இராஜகிரியின் உச்சியிலுள்ள அரண் மட்டுமே சிட்டடெல் ஆகும். கோல்கொண்டாவிற் பாலா ஹிஸார் என்னும் உச்சிக்கோட்டையும் அத்தகையதே. ஆகவே மாணவர் கைக்கொள்ளத்தக்க எளிய சோதனை ஒன்று உளது. 'எதனுள் இருக்கும் கோட்டை?' என்று வினவுக. 'இன்ன நகரத்தினுள், இன்ன பெருங்கோட்டையினுள்' என்று விடை வருமாயின் சிட்டடெல் பொருந்தும். தன்னந்தனியே காட்டிலோ கடற்கரையிலோ நிற்கும் கோட்டைக்கு அது பொருந்தாது.

இதுவரை கூறியது அச்சொல்லின் ஒரு முகம். மறுமுகத்தைக் காண, அது பிறந்த இத்தாலி நாட்டிற்கே செல்லல் வேண்டும். அந்நாட்டு நகரங்கள் பல, அரசனின்றித் தம்மைத் தாமே ஆண்டுவந்தவை. அத்தகைய நகரொன்றை வலியான் ஒருவன் கைப்பற்றினால், அவனுக்கு முதல் அச்சம் அயல்நாட்டுப் படையினாலன்று, தெருவிலுள்ள குடிகளாலேயே உண்டாகும். பிளாரென்ஸ் நகரத்தார் மெதிச்சிக் குடும்பத்தாரை 1527-ஆம் ஆண்டில் வெளியேற்றிக் குடியரசு நிறுவினர். பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படையும் போப்பரசரின் படையும் முற்றுகையிட, 1530-ஆம் ஆண்டில் நகரம் பணிந்தது. மெதிச்சி அலெஸ்ஸாண்ட்ரோ என்பவர் தலைவராகி, 1532-இல் டியூக் என்னும் பட்டமும் பெற்றார். இரண்டாண்டு கழித்து, 1534-இல், நகர மதிலையொட்டி அவர் ஒரு பெருங்கோட்டைக்கு அடிக்கல் நாட்டினார். அமைத்துக் கொடுத்தவர் இளைய அந்தோனியோ ஸங்கல்லோ என்னும் சிற்பி. அதன் முகப்புகளுள் மிக்க அலங்காரமும் மிக்க கடுமையும் வாய்ந்தது, புடைத்த கற்களால் ஆகிய, நகரத்தை நோக்கிய முகப்பே. கோட்டைக்கு இடம் பார்த்துவருமாறு மைக்கேல் ஆஞ்சலோவை டியூக் அழைத்தபோது அவர் இணங்கவில்லை என்பர்; முற்றுகைக் காலத்தில் குடியரசின் பொருட்டு அரண் அமைத்தவர் அவர். 1534-ஆம் ஆண்டிலேயே அவர் பிளாரென்ஸை விட்டு நீங்கினார். பின்னர் உயிரோடு திரும்பவில்லை.

அக்கோட்டை தன்னைக் கட்டினவரைக் காத்ததோ எனின், இல்லை. 1537-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அலெஸ்ஸாண்ட்ரோ ஓரிரவு தம் உறவினர் ஒருவராலேயே குத்திக் கொல்லப்பட்டார். மதிலும் பீரங்கியும் வாளா நின்றன. அதைக் கட்டுமாறு ஊக்கிப் பொருளும் உதவிய பிலிப்போ ஸ்ட்ரோஸி என்னும் பெருஞ்செல்வர், பின்னர் மெதிச்சியாரோடு பகைத்துப் போரிற் பிடிபட்டு, அதே கோட்டையிற் சிறைவைக்கப்பட்டு, 1538-இல் அங்கேயே உயிர் துறந்தார்.

இவை நிகழுமுன்னரே அந்நகரத்து அறிஞராகிய மாக்கியவெல்லி, 1513-ஆம் ஆண்டளவில் தாம் எழுதிய 'அரசன்' என்னும் நூலின் இருபதாம் அதிகாரத்தில் இப்பொருளை ஆராய்ந்துள்ளார். அயலாரினும் தன் குடிகளை மிகுதியாய் அஞ்சும் அரசன் கோட்டை கட்டலாம். குடிகளினும் அயலாரை மிகுதியாய் அஞ்சுபவன் கட்டாதொழிதல் நன்று. குடிகளால் வெறுக்கப்படாமையே கோட்டைகளுட் சிறந்தது என்பது அவர் கருத்தின் சாரம். மிலான் நகரத்தில் ஸ்போர்ஸா குடும்பத்தார் கட்டிய கோட்டை அக்குடும்பத்துக்கே பெருங்கேடாயிற்று என்பது அவர் காட்டும் சான்று. அறத்தை ஒதுக்கி அரசியல் பேசினார் என்று பழிக்கப்படும் அவரே இங்ஙனம் கூறுவது நோக்கத்தக்கது. இரக்கத்தினாலன்று, கணக்குப் பார்த்தே அவர் இம்முடிவுக்கு வந்தார்.

சிட்டடெல்லின் இம்மறுமுகத்தை முழுமையாய்க் காட்டும் நகரம் ஆண்ட்வெர்ப். இன்று பெல்ஜியத்திலுள்ள அந்நகரம் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவின் தலைசிறந்த வாணிகத் துறைமுகங்களுள் ஒன்றாய், ஏறத்தாழ 1,00,000 மக்களோடு விளங்கிற்று. ஆண்டவரோ ஸ்பெயின் நாட்டரசர் இரண்டாம் பிலிப். 1566-ஆம் ஆண்டில் சமயக் கலகம் எழுந்து கோயில்களில் உருவங்கள் உடைக்கப்பட்டன. கலகத்தை அடக்க மறுவருஷம் ஆல்பா டியூக் படையோடு வந்தார். வந்த அவ்வாண்டே நகரின் தென்புறத்தில் ஐங்கோண வடிவமான சிட்டடெல்லைத் தொடங்கினார். வகுத்தவர் பாச்சியோட்டோ என்னும் இத்தாலியர்; அதற்குச் சிறிது முன்னர்த் தூரின் நகரத்திலும் இவ்வாறே ஐங்கோணக் கோட்டை அமைத்துப் புகழ் பெற்றவர். கோணத்துக்கு ஒன்றாக ஐந்து கொத்தளங்கள் எழுந்தன. ஆல்பாவின் இயற்பெயர் பெர்னாண்டோ டி டொலெடோ. கொத்தளங்களுக்கு இட்ட பெயர்களோ டியூக், பெர்னாண்டோ, டொலெடோ, ஆல்பா என்பன. ஐந்தாவதற்கு மட்டும் சிற்பியின் பெயர் கிடைத்தது. செலவில் ஒரு பெரும்பங்கு நகரத்தார் தலையில் விழுந்தது. தம்மை நோக்கித் திருப்பப்படும் பீரங்கிகளுக்குத் தாமே மேடை அமைத்துக் கொடுத்தவராயினர். இவையும் போதாவென்று 1571-ஆம் ஆண்டில் உள்முற்றத்தில் டியூக்கின் வெண்கலச் சிலை ஒன்றும் நிறுத்தப்பட்டது. கலகம் என்பதற்கோர் உருவம் சமைத்து, அதனை அவர் காலால் மிதித்து நிற்பதாக அச்சிலை வார்க்கப்பட்டிருந்தது. மக்கள் வெறுப்பைக் கண்டஞ்சிய அடுத்த ஆளுநர் 1574-இல் அதனை அகற்றினார்.

சிலையை அகற்றலாம், கோட்டையை அகற்றுவது எளிதன்று. அரசாங்கத்துக்குப் பணமுடை நேர்ந்து, ஸ்பானியப் படையினருக்கு நெடுங்காலம் சம்பளம் கொடுபடவில்லை. 1576-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி, கலகம் செய்த படைஞர் வெளியூரினின்று வந்து சிட்டடெல்லிற் புகுந்து, அங்குள்ள காவற்படையோடு சேர்ந்து, நகரத்தின்மேற் பாய்ந்தனர். நகரத்தார் கோட்டைக்கு எதிரே அவசர அவசரமாய் எழுப்பிய மண்மேடு ஒரு கணமும் தாங்கவில்லை. கட்டி முடித்துப் பன்னிரண்டாண்டுகூட நிரம்பாத நகர மன்றம் எரிந்தது, ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர், வாணிகர் பலர் ஊரைவிட்டு நீங்கினர். 'ஸ்பானிய வெறியாட்டம்' என்று சரித்திரம் இதனைக் குறிக்கும். நகரைக் காக்கும் என்று சொல்லிக் கட்டப்பட்ட கோட்டையின் கதவு வழியாகவே அழிவு வந்தது என்பது கவனிக்கற்பாலது.

மறு ஆண்டில் அப்படை நீங்கியதும் நகரத்தார், பெரியோர் சிறியோர் என்னும் வேற்றுமையின்றி, கடப்பாறையும் மண்வெட்டியுமாய்ச் சென்று மதிலை இடித்தனர். முழுவதையும் இடித்தாரல்லர், வெளிப்புறம் நோக்கிய கொத்தளங்களை விட்டுவிட்டு, ஊரை நோக்கிய பக்கத்தை மட்டுமே இடித்தனர். சிட்டடெல் என்பதன் பொருளை இதனினும் தெளிவாய் எந்த அகராதிக்காரரும் எழுதியதில்லை. 1585-இல் ஸ்பானியர் மீண்டும் நகரைக் கைப்பற்றியபோது அவர்கள் அவ்விடிந்த பக்கத்தைத் திரும்ப எழுப்பினர். அதனிலும் வியப்பு என்னவெனின், 1830-ஆம் ஆண்டில் பெல்ஜியம் ஒல்லாந்தினின்று பிரிந்தபோது, ஒல்லாந்தப் படைத்தலைவர் ஒருவர் அதே கோட்டையினின்று அதே நகரத்தின்மேற் குண்டு பொழிந்தார். பிரெஞ்சுப் படை வந்து முற்றுகையிட, 1832 டிசம்பரில்தான் அவர் பணிந்தார். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்கோட்டை அடியோடு இடிக்கப்பட்டு, இன்று அவ்விடம் வீடுகளும் அழகிய ஓவியசாலையும் உடைய ஒரு பேட்டையாய் விளங்குகின்றது.

பார்ஸிலோனா நகரத்தின் கதையும் இதனோடு ஒத்தது. நெடிய முற்றுகைக்குப் பின் 1714 செப்டம்பர் 11-இல் அந்நகரம் ஸ்பெயின் அரசர் ஐந்தாம் பிலிப்பின் படைக்குப் பணிந்தது. தோற்ற நகரை அடக்கிவைக்க, ரிபெரா என்னும் பேட்டையில் ஏறத்தாழ 1,000 வீடுகளை இடித்துத் தள்ளி, அங்கே ஒரு பெரிய சிட்டடெல் கட்டப்பட்டது. 1869-ஆம் ஆண்டிலேதான் அது நகரத்தார் கைக்கு வந்தது. வந்தவுடன் அவர்கள் பெரும்பகுதியை இடித்துப் பூங்கா ஆக்கினர். 1888-இல் உலகப் பொருட்காட்சி அங்கு நடைபெற்றது. எனினும் பூங்காவின் பெயர் இன்றும் 'சிட்டடெல் பூங்கா' என்பதே. எஞ்சி நின்ற ஆயுதசாலையில் இன்று கூடுவது கட்டலோனிய மக்களின் சட்டசபை! இடிபட்ட வீடுகளின் அடித்தளங்கள் பழைய சந்தைக் கட்டடம் ஒன்றின் தரைக்கீழே கண்டெடுக்கப்பட்டு, 2013-ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைக்கப்பட்டுள்ளன. தெருக்களும் கிணறுகளும் அங்கே காணக் கிடக்கின்றன.

பிற ஊர்களை விரைவாய்க் கூறிச் செல்வோம். இங்கிலாந்தில் பிளிமத் நகரம் உள்நாட்டுப் போரில் அரசருக்கு எதிராய்ப் பாராளுமன்றத்தின் பக்கம் நின்றது. முடியாட்சி திரும்பியபின் 1660-களில் அங்குக் கட்டப்பட்ட அரச சிட்டடெல்லின் பீரங்கிகளிற் சில கடலை நோக்காமல் ஊரை நோக்கியிருந்தன. போலந்து மக்கள் 1830-இற் செய்த கிளர்ச்சி தோற்றபின், ருஷியச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கலஸ் வார்ஸா நகரத்திற் சிட்டடெல் கட்டுவித்து, அதனையே அரசியற் கைதிகளின் சிறையாகவும் ஆக்கினார். ஹங்கேரியரின் 1848-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் ஆஸ்திரியர் புடா நகரத்துக் குன்றின்மேல் ஒன்று கட்டினர். அமெரிக்காவிற் சார்ல்ஸ்டன் நகரத்தில் இன்றும் சிட்டடெல் என்னும் பெயரோடு ஒரு கல்லூரி உண்டு. பெயரைக் கேட்போர் கல்விக்கோட்டை என்று எண்ணி மகிழ்வர். 1822-இல் டென்மார்க் வெஸி என்பவரும் பிறரும் அடிமை மக்களை எழுப்பத் திட்டமிட்டதாகத் தூக்கிலிடப்பட்டபின், மீண்டும் அத்தகைய எழுச்சி நேராவண்ணம் நகரத்தில் ஏற்படுத்திய ஆயுதசாலையே 1842-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அக்கல்லூரியாயிற்று.

இவ்விடத்தே, நம்மவர் நாள்தோறும் வழங்கும் சொல்லொன்றையும் விளக்கிச் செல்வது பொருத்தமாகும். சென்னையிலும் கல்கத்தாவிலும் 'எஸ்பிளனேட்' என்று இடப்பெயர் உண்டு. உலாவுதற்குரிய அழகிய சாலை என்று பலர் கருதுவர். அதன் பழம்பொருள், சிட்டடெல்லின் மதிலுக்கும் நகரத்தின் முதல் வீட்டுக்கும் இடையே மனை, மரம் எதுவுமின்றி வெறுமையாய் விடப்பட்ட சமதரை என்பது. பகைவன் மறைந்து நெருங்காதிருக்க அது வேண்டும். குண்டு தடையின்றிச் செல்லவும் வேண்டும். பிரெஞ்சுக்காரர் 1746-இல் சென்னைக் கோட்டையைக் கைப்பற்றிய அனுபவத்துக்குப் பின், கோட்டைக்கு வடக்கே மதிலையொட்டியிருந்த பழைய கறுப்புப் பட்டணம் அழிக்கப்பட்டு வெளியாக்கப்பட்டது. அவ்வெளிக்குள் எவரும் வீடு கட்டலாகாது என்பதற்கு 1773-இல் எல்லைத் தூண்கள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று பாரி முனையருகே இன்றும் நிற்கின்றது. உயர்நீதிமன்றம் நிற்பதும் அவ்வெளியிலேதான். கல்கத்தாவிலோ, புதிய வில்லியம் கோட்டைக்காகக் கோவிந்தபுரம் என்னும் ஊரையே அகற்றினர். சென்னைக் கோட்டையைச் சிட்டடெல் என்று அழைக்கும் வழக்கம் இல்லையாயினும், அதன் எதிரே கிடந்த வெளியின் பெயர் அக்குலத்ததே.

சிட்டடெல் எல்லாம் குடிகளுக்குப் பகையென்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. கனடாவில் ஹாலிபாக்ஸ் நகரத்துக் குன்றின்மேல் 1856-இற் கட்டி முடிந்த சிட்டடெல் துறைமுகத்தையும் ஊரையும் காக்க எழுந்தது. அதன்மேல் எவரும் படையெடுத்ததேயில்லை. பிரான்ஸில் வெர்தன் நகரத்துச் சிட்டடெல்லின் நிலவறைகள் 1916-ஆம் ஆண்டுப் பெரும்போரில் படைவீரர்க்கு உறையுளும் அடுக்களையும் மருத்துவச்சாலையுமாய் இருந்து அவர்களைத் தாங்கின. பெயரறியாத வீரன் ஒருவனைப் பாரிஸ் நகரத்தில் அடக்கம் செய்யக் கருதியபோது, எட்டுப் பேழைகளை வரிசையாய் வைத்து, ஓர் இளஞ்சிப்பாயைக் கொண்டு ஒன்றைத் தெரிந்தெடுத்ததும் அங்கேயே. அது 1920 நவம்பர் 10-இல் நிகழ்ந்தது. இத்தகைய இடங்களில் அச்சொல் தன் முதல் முகத்தோடு மட்டும் தோன்றும்.

எம்முகத்தோடு தோன்றுகிறது என்று பாராமல் இச்சொல்லை வழங்கினால் அறிஞரும் இடர்ப்படுவர் என்பதற்குச் சிந்துவெளி ஒரு சான்று. 1946-ஆம் ஆண்டில் ஹரப்பாவை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் துரை, மேற்கேயுள்ள உயர்ந்த மேட்டைச் சூழ்ந்து பருத்த செங்கல் மதிலைக் கண்டார். உடனே அதற்குச் சிட்டடெல் என்று பெயரிட்டார். பெயர் வந்தவுடன் பொருளும் கூடவே வந்துவிட்டது: மேட்டின்மேல் வலிய ஆட்சியாளர், கீழே பணிந்த குடிகள் என்று ஒரு சித்திரம் எழுந்தது. பின்வந்த ஆராய்ச்சியாளரோ, அம்மேட்டில் ஐயமற அரண்மனை என்னத்தக்கது எதுவும் அகப்படவில்லை என்றும், ஹரப்பாவின் பிற மேடுகளுக்கும் மதில் இருந்தது என்றும், வெள்ளத்தடுப்பும் வாயில்காவலும்கூட அம்மதில்களின் நோக்கமாயிருந்திருக்கலாம் என்றும் காட்டியுள்ளனர். எனினும் பாடநூல்களில் அப்பெயர் இன்னும் நீங்கவில்லை. ஆண்ட்வெர்ப்பின் நிழல் ஹரப்பாவின்மேல் விழுந்துகிடக்கின்றது என்று சொல்லலாம் போலும்.

இலக்கிய வழக்கையும் சிறிது நோக்குவோம். ஷேக்ஸ்பியர் 'ஒதெல்லோ' நாடகத்தில் ஸைப்ரஸ் தீவின் கோட்டையைச் சிட்டடெல் என்றார். அத்தீவை அயலாராகிய வெனிஸ் நகரத்தார் ஆண்ட காலம் அது. சொல் மிகப் பொருத்தமாய் அமைந்தது. க்ரோனின் என்னும் மருத்துவர் 1937-இல் எழுதிய நாவலுக்குச் 'சிட்டடெல்' என்றே பெயர். வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊரில் வேலைக்குச் சேரும் இளம் வைத்தியன் ஒருவன் தன் தொழிலின் உண்மையை நாடி மேலேறும் கதைக்கு, எட்டாத உச்சியில் நின்று முற்றுகையிடத் தூண்டும் கோட்டையின் பெயர் இசைந்தது. கப்பல்களிலும் இச்சொல் ஏறிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் போர்க்கப்பலின் நடுவே இயந்திரத்தையும் வெடிமருந்தையும் சூழ்ந்த இரும்புக்கவசப் பகுதிக்கு இப்பெயர் இட்டனர். இக்காலத்திலோ, சோமாலியக் கடற்கொள்ளைக்காரருக்கு அஞ்சி, வணிகக் கப்பல்களில் மாலுமிகள் ஓடிப் புகுந்து உட்புறம் தாழிட்டுக்கொள்ளும் அறைக்கும் இதுவே பெயர். 2010 செப்டம்பரில் 'மெகெல்லன் ஸ்டார்' என்னும் கப்பலோர் அவ்வாறு ஒளிந்திருந்து, அமெரிக்கக் கடற்படையினர் வந்து கொள்ளைக்காரரைப் பிடிக்குமளவும் உயிர் பிழைத்தனர். கடைசிப் புகலிடம் என்னும் பொருள் இங்கே பழுதின்றி நிற்கின்றது.

பத்திரிகைகளில் 'கல்வியின் சிட்டடெல்', 'இன்ன கட்சியின் சிட்டடெல் வீழ்ந்தது' என்று வருவன மலிந்துவிட்டன. பின்னது பெரும்பாலும் பொருந்தும். ஏனெனில் ஒரு கட்சி பிற இடங்களில் தோற்றபின்னும் விடாது பற்றிநின்ற தொகுதியை அது குறிக்கும். முன்னது அவ்வளவு பொருந்துவதாய் நமக்குத் தோன்றவில்லை. கல்லூரி ஒன்றைப் புகழ நினைத்து அதனைச் சிட்டடெல் என்பவர், ஊரார் உட்புக முடியாத மதிலையும் ஊர்மேல் நோக்கிய பீரங்கியையும் சேர்த்தே கூறிவிடுகின்றார். எல்லாக் கல்லூரியும் அப்பழிக்கு உரியன அல்ல.

இறுதியாக, தமிழில் இதனை எங்ஙனம் பெயர்ப்பது? அரண் என்று பொதுவிற் கூறுவதால் நிறைவு உண்டாகாது. திருக்குறளின் 75-ஆம் அதிகாரமாகிய அரண் என்பதைப் பயின்றோர், அதன்கண் முற்றுவோர் புறத்தும் காப்போர் அகத்துமாக நிற்பதையே காண்பர். உழிஞை, நொச்சி என்னும் திணைகளும் முறையே மதிலை வளைப்போரையும் காப்போரையும் பற்றியனவே. உள்ளிருப்போரும் தம் ஊராரும் எதிரெதிர் நிற்கும் நிலைக்கு அங்கே இடமில்லை. ஆதலின், செஞ்சியின் இராஜகிரி போன்றவற்றிற்கு 'உள்ளரண்' என்பது நன்கு பொருந்தும். கப்பலின் அறைக்கும் அதுவே போதும். ஆண்ட்வெர்ப், பார்ஸிலோனா, வார்ஸா முதலிய நகரங்களிலிருந்தவற்றிற்கு அது போதாது. அவற்றிற்குக் 'காவற்கோட்டை' என்பதை நாம் பரிந்துரைக்கின்றோம். பயிரைக் காவல் காக்கின்றோம். குற்றவாளியைக் காவலில் வைக்கின்றோம். பேணுதலும் சிறைசெய்தலும் ஆகிய இரண்டையும் அவ்வொரு சொல்லே தமிழிற் குறித்துவருகின்றது. இத்தாலிய மொழியிற் 'சிறுநகர்' என்று மென்மையாய்ப் பெயரிட்டு மறைத்த ஒன்றை நம் சொல் மறையாமலே சொல்லிவிடும்.